டாக்டர் ஃபீஸை மட்டும் கணக்கு போடாதே, தங்கச்சி!

பையன் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. தம்பியைக் கடிக்கிறான், கிளாஸ்ல பென்சில் பாக்ஸைத் தூக்கி எறியறான். ஸ்கூல்ல இருந்து மிஸ் போன் பண்ணாத வாரமே இல்ல. மாமியார், "அவங்க அப்பனும் இந்த வயசுல இப்படித்தான் இருந்தான்"ங்கறாங்க. மாடி வீட்டம்மா, "நாலு சாத்து சாத்தினா அடங்கிடும்"ங்கறாங்க. உன் வீட்டுக்காரர், "டாக்டர்கிட்ட போனா மாசாமாசம் பணத்தைப் புடுங்குவாங்க"ங்கறார். நீயும் மண்டையை ஆட்டிக்கிட்டே ஒரு வருஷத்தை ஓட்டிட்டே.

போதும், இந்த வாரம் ஒரு முடிவு எடு. வைத்தியம் பண்ணலாமா வேண்டாமா, பண்ணினா எதுக்குச் செலவு பண்ணணும், எதுக்குப் பண்ணக் கூடாதுன்னு வரிசையாச் சொல்றேன். பஸ்ல போகும்போது படிச்சுக்கோ.

1. இது வயசுக் கோளாறா, நிஜப் பிரச்னையா?

ரெண்டு, மூணு வயசுக் குழந்தை தரையில உருண்டு அழறதெல்லாம் பிரச்னையே இல்ல. அதுக்கு டாக்டர் ஃபீஸ் தண்டம். மூணு கேள்வி கேட்டுப் பாரு.

- ஆறு மாசமா தொடர்ந்து நடக்குதா? புதுசா தம்பி பொறந்தான், வீடு மாறினோம்னா, கொஞ்ச நாள் பொறு.
- அவன் வயசுப் பசங்களை விட ரொம்ப அதிகமா?
- எங்கெங்கே நடக்குது? வீடு, ஸ்கூல், பாட்டி வீடுன்னு எல்லா இடத்துலயுமா, ஒரே இடத்துலயா?

மூணாவது கேள்விதான் காசை மிச்சம் பண்ணும். ஏ.டி.எச்.டி.ன்னு சொல்ற கவனக்குறைவு, துறுதுறுப்புப் பிரச்னைன்னா ஒரு இடத்துல மட்டும் தெரியாது; குறைஞ்சது ரெண்டு இடத்துலயாவது தெரியணும், 12 வயசுக்கு முன்னாடியே தெரிய ஆரம்பிச்சிருக்கணும். ஸ்கூல்ல மட்டும் ஆட்டம்னா, அங்க யாராவது மிரட்டறாங்களா, எழுத்து சரியா புரியலையான்னு பாரு. வீட்ல மட்டும் ஆட்டம்னா வீட்டைப் பாரு. வீட்ல தினம் சண்டை நடந்தா குழந்தை மட்டும் சாதுவா இருக்குமா?

பொண்ணுங்களை விட்டுடாதே. சத்தம் போடாம ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணை "மந்தம்"னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அவளுக்கும் கவனக்குறைவுப் பிரச்னை இருக்கலாம்.

2. கையில கிடைச்ச நோட்டை எடு

ரெண்டு வாரம் குறிச்சு வை. எத்தனை மணிக்கு நடந்தது, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன பண்ணினான், உடனே நீ என்ன பண்ணினே. நாலே வரி போதும். டாக்டர் முதல்ல கேக்கப் போறது இதைத்தான். கையில இருந்தா முதல் நாளே விஷயத்துக்கு வந்துடலாம். இல்லேன்னா "வீட்ல கவனிச்சு எழுதிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க, ஒரு ஃபீஸும் ஒரு லீவும் போச்சு.

3. மலிவான டெஸ்ட்டை முதல்ல முடி

காது, கண், ரத்தசோகை, தூக்கம். காது மந்தமா இருக்கிற குழந்தை கூப்பிட்டா திரும்பாது, நாம "திமிரு"ம்போம். ராத்திரி வாயைத் தொறந்து குறட்டை விடற குழந்தைக்கு மூக்குக்குப் பின்னாடி சதை வளந்திருக்கலாம். தூக்கம் கெட்டு பகல் பூரா சிடுசிடுன்னு இருக்கும். திடீர் திடீர்னு சில விநாடி வெறிச்சுப் பாத்து நிக்கறது ஒரு வகை வலிப்பாகூட இருக்கும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லு. குழந்தை டாக்டர்கிட்டயே இதெல்லாம் பாத்துடலாம்.

4. இப்ப கணக்கு போடு, ஆனா ரெண்டு பக்கமும் போடு

நோட்டை நடுவுல கோடு போட்டுப் பிரி. இடது பக்கம் வைத்தியச் செலவு: ஃபீஸ், ஆட்டோ, பாதி நாள் லீவு, மாத்திரை. இதை எல்லாரும் போட்டுடறாங்க. வலது பக்கம் வைத்தியம் பண்ணாம இருக்கறதுக்கு ஆகற செலவு. இதை யாரும் எழுதறதே இல்ல, ஏன்னா அதுக்கு ரசீது கிடையாது.

ரசீது இல்லாட்டியும் நான் சொல்றேன், எழுதிக்கோ. மிஸ் கூப்பிட்டப்பல்லாம் நீ போட்ட பெர்மிஷன். ஒரு ஸ்கூல் ஒத்துவரலன்னு இன்னொரு ஸ்கூல், அதுக்குப் புது அட்மிஷன் ஃபீஸ், புது யூனிஃபார்ம். "உக்கார வெச்சு படிக்க வைப்பாங்க"ன்னு நம்பிப் போட்ட டியூஷன், அது சரியில்லன்னு இன்னொரு டியூஷன். உடைஞ்ச போன். எகிறிக் குதிச்சு போட்ட தையல், மாவுக்கட்டு. துறுதுறுப்பு அதிகமா இருக்கிற குழந்தைங்களுக்கு அடிபடறதும் அதிகம். ஆராய்ச்சியே அதைத்தான் சொல்லுது. அவனைப் பாத்துக்கணும்னு நீ வேலையையே விட்டுட்டா, அந்தச் சம்பளம் பூரா வலது பக்கம்தான். கல்யாணம் காட்சின்னு எங்கேயும் போகாம வீட்ல அடைஞ்சு கிடக்கறதுக்கு விலை போட முடியாது, ஆனா அதையும் ஒரு வரி எழுது. "அண்ணனையே பாத்துக்கறீங்க"ன்னு வாயை மூடிக்கிட்ட சின்னவனுக்கும் ஒரு வரி.

இதை லண்டன்ல நிஜமாவே கணக்கு போட்டுப் பாத்திருக்காங்க. 10 வயசுல இருந்த 142 குழந்தைங்களை 28 வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சு, 2001-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வெளியிட்டாங்க. நடத்தைப் பிரச்னை எதுவும் இல்லாத குழந்தைக்கு அரசுச் சேவைகள் பண்ண செலவு சராசரியா 7,423 பவுண்டு. கடுமையான நடத்தைக் கோளாறு இருந்தவங்களுக்கு 70,019 பவுண்டு. ஏறக்குறைய பத்து மடங்கு! அதுல பெரிய பங்கு போலீஸ், கோர்ட், ஜெயில்னு போனது. சிறப்புக் கல்வி, விடுதிப் பராமரிப்பு, அரசு உதவித்தொகை எல்லாம் அதுக்கு அடுத்துதான்.

உடனே "என் பிள்ளை ஜெயிலுக்குப் போயிடுவானா"ன்னு நெஞ்சைப் பிடிச்சுக்காதே. அடம் பிடிக்கிற குழந்தைங்கள்ல நிறைய பேர் நல்லாத்தான் வளர்றாங்க. நான் சொல்ல வர்றது வேற. அங்க அந்தப் பணத்தை அரசாங்கம் கட்டினதால யாரோ உக்காந்து எண்ணினாங்க. நம்ம ஊர்ல அதுல பெரும்பகுதியை அம்மாதான் கட்டறா, அதனாலதான் யாரும் எண்ணறதில்ல.

இன்னொண்ணு. 13, 14 வயசுல புதுசா ஆரம்பிக்கிற முரட்டுத்தனம் பெரும்பாலும் வயசோட வந்து வயசோட போயிடும். அஞ்சாறு வயசுலயே அடி, பொய், திருட்டுன்னு ஆரம்பிச்சு விடாம போறதுதான் நீளமா இழுக்கும். அதனால சின்ன வயசுல ஆரம்பிச்சதுக்குத்தான் முதல்ல செலவு பண்ணணும். நம்ம வீடுகள்ல நேர் தலைகீழ்! சின்னதா இருக்கும்போது "வளர்ந்தா சரியாயிடும்"னு விட்டுட்டு, பத்தாவதுக்கு வந்ததும் அலறி அடிச்சிக்கிட்டு ஓடுறோம்.

5. காசில்லாம பாக்கற இடம் இருக்கு, முதல்ல அங்க போ

- மத்திய அரசோட குழந்தைகள் நலத் திட்டம் ஒண்ணு 2013-ல இருந்து நடக்குது, ஆர்.பி.எஸ்.கே.ன்னு பேரு. 18 வயசு வரைக்கும் பாப்பாங்க. கவனக்குறைவு, கற்றல் குறைபாடு ரெண்டும் அந்தப் பட்டியல்ல உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் டாக்டர் குழு வரும்போது வாயைத் தொறந்து சொல்லு. மாவட்டத்துல இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பாங்க.
- அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இருக்கு. கீழ்ப்பாக்கம்னதும் முகத்தைச் சுளிக்காதே; சினிமாக்காரன் பண்ணின வேலை அது.
- 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச இலவச போன் சேவை. தமிழ்லயே பேசலாம். எங்க போறதுன்னே தெரியலைன்னா முதல்ல இங்க பேசு.

பிரைவேட்ல போறியா? சைக்காலஜிஸ்ட்டுன்னு போர்டு மாட்டினவங்க எல்லாரும் ஒண்ணு இல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும். நம்பர் கேளு. கேக்கறதுக்குக் கூச்சம் என்ன, ஆயிரம் ரூபாய் கொடுக்கறது நீதானே? முதல் நாளே இதையும் கேட்டுடு: "மொத்தம் எத்தனை தடவை வரணும்? எது மாறினா பலன்னு எடுத்துக்கலாம்?" பதில் மழுப்பலா வந்தா வேற இடம் பாரு.

இன்சூரன்ஸ்ல மனநோயையும் உடம்பு நோய் மாதிரியே எடுத்துக்கணும்னு 2017 சட்டம் சொல்லுது. ஆனா நிறைய பாலிசியில அட்மிட் ஆனாத்தான் பணம் வரும், ஓ.பி.க்கு வராது. பாலிசியைப் பாத்துட்டு நம்பு. "நாளைக்கு கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆகும்"னு மாமியார் சொன்னா, வைத்திய விவரத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னும் அதே சட்டம்தான் சொல்லுதுன்னு சொல்லிடு.

6. கையில கொஞ்சம்தான் காசு இருக்கா? உன் பயிற்சிக்குப் போடு

"அவனுக்குப் பிரச்னைன்னா நான் ஏன் கிளாஸுக்குப் போகணும்?"னு கேக்காதே. மூணு வயசுல இருந்து பதினொண்ணு வரைக்கும், அடம், எதிர்ப்பு, முரட்டுத்தனத்துக்கு முதல் வைத்தியமே பெத்தவங்களுக்குக் கொடுக்கிற பயிற்சிதான். ஆறு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் கவனக்குறைவு இருந்தாலும் மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் பண்ணணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது. குழந்தையை மட்டும் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் வாரம் முக்கால் மணி நேரம் பேசி அனுப்பினா, மீதி நேரமெல்லாம் அவன் உன்கிட்டதானே இருக்கான்? பிரிட்டன் அரசு வழிகாட்டுதல்ல 10-ல இருந்து 16 அமர்வு, ஒவ்வொண்ணும் ஒன்றரை, ரெண்டு மணி நேரம்னு இருக்கு. ஃபீஸை அதால பெருக்கிப் பாத்துக்கோ. குழுவா நடத்தற இடம் கிடைச்சா மலிவா முடியும்.

இதுல என்ன சொல்லித் தருவாங்கன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

அண்ணாச்சி கடையில சிப்ஸ் கேட்டு அழறான். முடியாதுங்கறே. கத்தறான். எல்லாரும் பாக்கறாங்க. வாங்கிக் கொடுத்துடறே. அழுகை நின்னுடுது. யார் ஜெயிச்சது? ரெண்டு பேருமே! கத்தினா கிடைக்கும்னு அவன் கத்துக்கிட்டான். கொடுத்தா நிம்மதின்னு நீ கத்துக்கிட்டே. அடுத்த தடவை அவன் இன்னும் ஒரு சுருதி ஏத்தித்தான் ஆரம்பிப்பான். அமெரிக்காவுல ஓரிகன்ல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒருத்தர் குடும்பங்களைப் பல வருஷம் கவனிச்சு இந்தச் சுழலை எழுதி வெச்சார். இதை உடைக்கிறதுதான் பயிற்சியே.

- தினமும் பத்து நிமிஷம் அவனோட விளையாடு. அவன் சொல்ற விளையாட்டு. நடுவுல பாடம் நடத்தாதே, போனை எடுக்காதே. அன்னைக்கு அவன் எவ்வளவு படுத்தியிருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தை வெட்டாதே.
- பாராட்டினா எதுக்குன்னு சொல்லு. "நல்ல பிள்ளை"ன்னா அவனுக்கு ஒண்ணும் புரியாது. "சொன்ன உடனே செருப்பை ஸ்டாண்டுல வெச்சியே"ன்னு சொல்லு.
- அடுப்படியில இருந்து கத்தாதே. பக்கத்துல போய், ஒரு வேலையை மட்டும் சொல்லு. "ஹோம்வொர்க் எழுதறியா?"ன்னு கேள்வியா கேட்டா, "மாட்டேன்"னு சொல்றது அவன் உரிமை.
- சிணுங்கல், முனகல், முகத்தைத் தூக்கி வெச்சுக்கறதைக் கண்டுக்காதே. கண்டுக்காம விட்ட முதல் சில நாள் இன்னும் அதிகமாப் பண்ணுவான். இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. "அக்கா, நீங்க சொன்னது வேலைக்கு ஆகல"ன்னு மூணாம் நாளே வர்றாங்க. அதிகமாச்சுன்னா வேலைக்கு ஆகுதுன்னு அர்த்தம், கண்ணு. அந்த நேரம் பாத்து விட்டுக் கொடுத்தா, இவ்வளவு நேரம் கத்தினாத்தான் கிடைக்கும்னு நீயே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். தாக்குப்பிடிக்க முடியாத வாரத்துல ஆரம்பிக்காதே. ஊர்த் திருவிழா, ஆபீஸ் ஆடிட் எல்லாம் முடியட்டும்.
- அடி, கடி, பொருளை உடைக்கறதைக் கண்டுக்காம விடக் கூடாது. வயசுக்கு ஒரு நிமிஷம்னு தனியா உக்கார வை. ஆறு வயசுன்னா ஆறு நிமிஷம். ஹால் மூலையில ஒரு பாய் போதும். இருட்டு பாத்ரூம்ல போட்டுப் பூட்டறது தண்டனை இல்ல, கொடுமை.
- பரிசு சின்னதா, அன்னன்னைக்கே இருக்கட்டும். "முழுப் பரீட்சையில நல்லா வந்தா சைக்கிள்"னா அவனுக்கு அது அடுத்த ஜென்மம். கொடுத்த பரிசைக் கோவத்துல திருப்பிப் புடுங்காதே.

அடிக்கலாமான்னு கேப்பே. அடி வாங்கற குழந்தைக்கு முரட்டுத்தனம் குறையறதில்ல, கூடத்தான் கூடுது. இலவசம்னு நினைச்சுப் பண்ற வைத்தியத்துலயே ரொம்பச் செலவு வைக்கிறது இதுதான்.

7. மாத்திரைன்னா ஓடவும் வேண்டாம், தேடிப் போகவும் வேண்டாம்

வெறும் அடத்துக்கு மாத்திரை கிடையாது. கவனக்குறைவு இருக்குன்னு டாக்டர் உறுதியாச் சொன்னா, மெதில்ஃபெனிடேட் மாதிரி மருந்து எழுதுவாங்க. நிறைய குழந்தைங்களுக்கு நல்லாவே கேக்கும். பக்கவிளைவு பசி குறையறது, தூக்கம் தள்ளிப் போறது, தலைவலி, வயித்து வலி. சிலருக்கு உயரம் கொஞ்சம் மெதுவா ஏறும். அதனால காலையில வயிறு நிறைய இட்லியோ தோசையோ கொடுத்துட்டு அப்புறம் மாத்திரை கொடு. எடை, உயரத்தை நோட்டுல குறிச்சு வை.

அமெரிக்காவுல 7-ல இருந்து 9 வயசு வரைக்கும் 579 குழந்தைங்களை வெச்சு 14 மாசம் பாத்தாங்க, 1999-ல முடிவு வந்தது. கவனக்குறைவைக் குறைக்கறதுல மாத்திரை முந்துச்சு. மாத்திரையோட பயிற்சியும் சேர்ந்தவங்களுக்குக் குறைஞ்ச டோஸே போதும்னு ஆச்சு. ஆனா மூணு வருஷம் கழிச்சுப் பாத்தப்ப குழுக்களுக்கு நடுவுல வித்தியாசம் மறைஞ்சு போச்சு. ஆகமொத்தம், மாத்திரை அவனை உக்கார வைக்கும். உக்காந்தவனுக்கு என்ன பழக்கறதுங்கறது நம்ம வேலை.

ரொம்ப முரட்டுத்தனத்துக்கு ரிஸ்பெரிடோன் எழுதினா, எத்தனை நாளைக்குன்னு கேளு. எடை ஏறும், ரத்தச் சர்க்கரையும் பாக்கணும். எந்த மாத்திரையையும் நீயா நிறுத்தாதே, நீயா கூட்டாதே.

8. இதுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே

- ஞாபகசக்தி பவுடர், மூளை டானிக்.
- கண்ணைக் கட்டிட்டுப் படிக்க வைக்கிறோம்ங்கற நடுமூளை வகுப்பு. வெறும் வேடிக்கை.
- "ஹாஸ்டல்ல போட்டா திருந்திடுவான்." முரண்டு பிடிக்கிற பசங்களை ஒரே இடத்துல சேத்து வெச்சா ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தன் கத்துக்கிட்டு வருவான். ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தற வைத்தியத்தையும் அமெரிக்காவுல செஞ்சு பாத்து, பசங்க இன்னும் கெட்டுப் போனதுதான் மிச்சம்.
- இனிப்பை நிறுத்தினா அடங்குவான்ங்கறது. பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து, சர்க்கரைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு 1995-லயே எழுதிட்டாங்க. பல்லுக்காக நிறுத்து.

தாயத்தா? உனக்கு நிம்மதின்னா கட்டிக்கோ. அதுக்காக அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போடாதே.

9. ஸ்கூலோட சண்டை போடாதே, சீட்டு கொடு

மிஸ்கிட்ட தினம் ஒரு சின்னச் சீட்டு கேளு. "இடத்துல உக்காந்தானா, எழுதினானா, யாரையும் அடிக்காம இருந்தானா", மூணுக்கும் டிக். சாயங்காலம் டிக்கைப் பாத்து வீட்ல சின்னப் பரிசு. மிஸ்ஸுக்கு ஒரு நிமிஷ வேலைதான். ரொம்ப நல்லா வேலை செய்யற வழி இது.

டி.சி.யை வாங்கிக்கோங்கன்னு மிரட்டினா பதறாதே. எட்டாவது முடியற வரைக்கும் குழந்தையை வெளியேத்தக் கூடாது, அடிக்கக் கூடாது, மனசு நோகப் பண்ணக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. எழுத்துல கொடுங்கன்னு அமைதியாக் கேளு.

பரிசோதனையில கற்றல் குறைபாடுன்னு வந்தா சான்றிதழ் வாங்கி வை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல அது இருக்கு. பரீட்சையில கூடுதல் நேரம் மாதிரி சலுகை கிடைக்கும். வைத்தியச் செலவுல நேரா திரும்பி வர்ற லாபம் இது.

10. பலன் இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

முழுசா மாறணும்னு எதிர்பாத்தா ஏமாந்து போவே. மூணு மாசம் கழிச்சு அதே நோட்டை எடு. ஸ்கூல் போன் குறைஞ்சிருக்கா? கத்தற நேரம் சுருங்கியிருக்கா? தம்பி தைரியமாப் பக்கத்துல போறானா? இதுல ரெண்டு நல்லதாத் தெரிஞ்சாலும் விடாதே. ஒண்ணுமே அசையலன்னா, சொன்னதை நிஜமாவே தினம் செஞ்சேனான்னு முதல்ல உன்னையே கேட்டுக்கோ. நீ செஞ்சு, தாத்தா ரகசியமா போனைக் கொடுத்திருந்தா அதுவும் செய்யாத கணக்குதான். எல்லாரும் சரியாச் செஞ்சும் அசையலன்னா, திட்டத்தை மாத்தச் சொல்லு, இல்ல இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேளு. மூஞ்சிக்காக ஃபீஸ் கட்டிக்கிட்டே இருக்காதே.

11. கணக்கே போடக் கூடாத நேரம்

தன்னைத்தானே காயப்படுத்தறது, செத்துப் போறேன்னு சொல்றது, தீ வெக்கறது, நாய் பூனையைச் சித்திரவதை பண்றது, கத்தியை எடுக்கறது, ராத்திரி வீட்டை விட்டு ஓடறது. இதுல ஒண்ணு நடந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. நல்லா இருந்த குழந்தை திடீர்னு மாறிட்டா, யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்களான்னு தனியா, மெதுவாக் கேளு. 1098 சைல்டு ஹெல்ப்லைன் ராத்திரியும் எடுப்பாங்க.

12. உன்னையும் பட்டியல்ல சேத்துக்கோ

தூக்கம் இல்ல, காரணமில்லாம அழுகை வருது, எதுலயும் பிடிப்பு இல்லன்னா அதை டாக்டர்கிட்ட மறைக்காதே. அம்மா மனச்சோர்வுல இருந்தா இந்தப் பயிற்சியோட பலன் குறையலாம். உனக்கு வைத்தியம் பண்றது அவனுக்குப் பண்ற வைத்தியத்துல ஒரு பங்கு. வீட்டுக்காரரையும் ரெண்டு அமர்வுக்காவது இழுத்துட்டுப் போ. லீவு இல்லன்னு சொன்னா, உன் லீவுக் கணக்கை நோட்டுல காட்டு. 14416-க்குக் குழந்தை பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்னு இல்ல. உனக்காகவும் பேசலாம்.